டென்ட் அண்ணன்

பெங்களூர் ஒக்கலிபுரத்து மொட்டைமாடிகளில் வடகம் காயும், துணி காயும், கார்ப்பரேஷன் தண்ணீர் வராத நாளில் தொட்டியும் காயும். இப்போது அந்தப் பட்டியலில் கூடாரமும் சேர்ந்திருக்கிறது. எந்த மாடியிலாவது ஆரஞ்சு நிறத்தில் ஒன்று புடைத்துக்கொண்டு நின்றால், கீழே ஒரு டென்ட் அண்ணன் குடியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளலாம். தெருவுக்கு ஒருவர் நிச்சயம் தேறுவார்.

அண்ணனுக்கு வயது நாற்பதை ஒட்டி இருக்கும். தாத்தா ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பின்னி மில் வேலைக்கு வந்தவர். அப்பாவுக்கு ரயில்வே உத்தியோகம். இவர் ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கம்பெனி. தாத்தா ஓட்டுவீட்டில் ஒழுகலுக்குக் குண்டான் வைத்தே காலம் தள்ளினார், அப்பா பி.எஃப். பணத்தை எடுத்து கான்கிரீட் போட்டார். இப்படி இரண்டு தலைமுறை ரத்தம் சிந்திப் போட்ட கூரை வேண்டாமென்று, வெள்ளிக்கிழமை ஆனால் போதும், அண்ணன் துணிக்கூரைக்கு அடியில் படுக்கக் கிளம்பிவிடுகிறார். அதற்குக் காசும் கட்டுகிறார். வீட்டில் கூரை இருக்கும்போது ஒருவன் காசு கொடுத்துத் தரையில் படுப்பான் என்பதை அவருடைய பாட்டி இன்னும் நம்பவில்லை. பேத்தி முறைக்காரிகளைத் தனியாகக் கூப்பிட்டு, "புருசன் பொண்டாட்டிக்குள்ள ஏதாச்சும் சண்டையா?" என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் அண்ணன் சொல்லும் பதில் ஒன்றுதான்: "அமைதி வேணும்பா." ஒக்கலிபுரத்துக்காரர் சொன்னால் இதில் நியாயம் இருக்கிறது. தண்டவாளங்களுக்கு நடுவில் செருகி வைத்த பேட்டை இது. மெஜஸ்டிக் ஸ்டேஷனுக்குள் நுழைகிற வண்டியெல்லாம் நம் சமையலறையைத் தொட்டுக்கொண்டுதான் போகும். வீட்டில் அண்ணன் தூங்குவதற்கு செல்போனில் 'மழைக்காட்டின் ஓசை' என்று ஒன்றைப் போட்டுக்கொள்வார். காட்டோரம் போய்ப் படுத்த முதல் ராத்திரி, சில்வண்டைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. இரண்டு மணி வரை புரண்டு பார்த்துவிட்டு, செல்போனை எடுத்து ரயில் சத்தத்தைத் தேடிப் போட்டபிறகுதான் கண்ணை மூடினார். கூடப் போனவர்கள் இதற்குச் சாட்சி.

அண்ணனின் சாமான்களைச் சொல்லாமல் அண்ணனைச் சொல்ல முடியாது. தலையில் கட்டுகிற விளக்கு, காற்றடைத்த தலையணை, மடக்கு நாற்காலி, மடக்கு மேஜை, மடக்குக் கோடரி, தீக்குச்சி இல்லாமல் நெருப்புப் பற்ற வைக்கும் மக்னீசியக் கட்டி, அது பற்றாவிட்டால் என்று ஒரு தீப்பெட்டி, அதுவும் நமுத்துவிட்டால் என்று கேஸ் லைட்டர். உயரத்தைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றும் உண்டு. இது அவருடைய அலுவலக மாடியிலும் உயரம் காட்டிக்கொண்டுதான் இருக்கும். பெங்களூர் கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டர் சொச்சத்தில் இருப்பதால், நாள் முழுக்கத் தான் ஒரு மலைமேல்தான் உட்கார்ந்திருக்கிறோம் என்ற திருப்தி அவருக்கு.

எல்லாவற்றுக்கும் சிகரம் அந்தக் கூடாரம். வீசி எறிந்தால் இரண்டே நொடியில் தானாக விரிந்து நிற்கும் ஜாதி. வாங்கி வந்த அன்றே ஹாலில் வைத்து அந்த அதிசயத்தைக் காட்டினார். விரிந்தது. டிவி ஸ்டாண்டுக்கும் ஊஞ்சலுக்கும் நடுவில் கச்சிதமாகப் பொருந்தி நின்றது. மடக்குவதற்கு மூன்று படி; மூன்றாவது படியில் எட்டு மாதிரி முறுக்க வேண்டும். அண்ணன் முறுக்கினார், மைத்துனர் முறுக்கினார், எதிர்வீட்டு ஆட்டோ டிரைவர் வந்து முட்டியால் அழுத்திப் பார்த்தார். கடைசியில் குடும்பமே இரண்டு நாள் கூடாரத்தைச் சுற்றிக்கொண்டு நடந்தது. பிள்ளைகள் அதற்குள் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதியதைத்தான் அண்ணன் முதல் முகாம் என்று கணக்கில் வைத்திருக்கிறார்.

அவர் கற்றதெல்லாம் அமெரிக்க வீடியோக்களில். மினசோட்டாவில், கனடா எல்லையை ஒட்டி, வாயேஜர்ஸ் என்று ஒரு தேசியப் பூங்கா. 1975இல் தொடங்கியது. முழுக்க ஏரிகளும் தீவுகளும். அங்கே கூடாரம் போடும் இடங்களுக்குச் சாலையே கிடையாது, படகில்தான் போகவேண்டும். சீட்டு எடுத்து, படகை நீங்களே ஓட்டிக்கொண்டு போனால், உங்களுக்கென்று ஒரு கரை, ஒரு மேஜை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், கரடி திறக்க முடியாத சாப்பாட்டுப் பெட்டி. பக்கத்தில் மனித வாடையே இருக்காது. அண்ணன் இதை நினைத்தாலே உருகிவிடுவார். "தனித் தீவுப்பா! பக்கத்து வீடே கிடையாது!" என்று அவர் சொல்லும்போது பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து, "எங்கணா அது?" என்பார்.

அமெரிக்கப் பாடத்தை அண்ணன் ஒரு வரி விடாமல் இங்கே நடத்திவிடுவார். கரடிக்கு எட்டாத உயரத்தில் சாப்பாட்டு மூட்டையை மரக்கிளையில் தொங்கவிட வேண்டும் என்பது அங்கத்து விதி. ராமநகரப் பக்கம் ஒரு தோப்பில் அப்படியே தொங்கவிட்டார். விடிந்து பார்த்தால் புளியோதரை, மத்தூர் வடை, பாட்டி ஊற்றிக் கொடுத்த நெய் எல்லாவற்றையும் குரங்குகள் மேலேயே உட்கார்ந்து முடித்திருந்தன. இந்த ஊரில் சாப்பாட்டை மேலே கட்டுவது குரங்குக்கு இலை போட்டுப் பரிமாறுவது என்று தோப்புக்காரர் விளக்கினார். கரடி வராததால் முறை வெற்றி என்பது அண்ணனின் கட்சி.

இன்னொரு விதி: காலைக்கடனுக்கு நீர்நிலையிலிருந்து 200 அடி தள்ளி, ஆறங்குல ஆழத்துக்குக் குழி தோண்டி, முடித்ததும் மூடிவிட வேண்டும். இதற்கென்றே அண்ணனிடம் ஓர் ஆரஞ்சுக் கரண்டி இருக்கிறது. இதன் பெருமையை அவர் கூடத்தில் விவரித்தபோது பாட்டி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "உன் தாத்தன் ஏரிக்கரைக்குச் சொம்போட போனதை நாகரிகம் இல்லேன்னுதான் இந்த ஊருக்கே வந்தோம். நீ கரண்டி வாங்கிக்கினு திரும்பப் போறியா?" என்றாள். அந்தக் கரண்டியை அண்ணி இப்போது துளசித் தொட்டிக்கு எடுத்துக்கொண்டுவிட்டாள்.

ஏரி, தேசியப் பூங்கா, படகு மூன்றும் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் பெங்களூர்க்காரருக்கு முதலில் ஞாபகம் வருவது கபினி. பயணத்தை அதிகம் விவரிக்கத் தேவையில்லை. 2023இல் திறந்த மைசூர் விரைவுச் சாலையில் போனால் பிடதியும் மத்தூரும் ஒதுங்கிப்போய்விடுகின்றன. ஆனால் தட்டை இட்லியையும் வடையையும் ஒதுக்க மனசு வராமல் அண்ணன் கீழே சர்வீஸ் ரோட்டிலேயே ஊர்ந்து போவார். காட்டில் ஓட்ஸ் கஞ்சி மட்டும்தான் என்று சபதம் போட்டவர், அதற்கு முன் சேமிப்பாக ஏற்றிக்கொள்கிறார்.

கபினி ஏரி இயற்கையில் இருந்ததில்லை. பீச்சனஹள்ளியில் அணை கட்டி 1974இல் முடித்தபோது பள்ளத்தாக்கில் நின்ற தண்ணீர் அது. ஒரு கரையில் நாகரஹொளே, மறுகரையில் பந்திப்பூர். கோடையில் தண்ணீர் இறங்க இறங்க, கரை முழுக்கப் புது இளம்புல் முளைக்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்க, இரண்டு காடுகளின் யானைகளும் அங்கே வந்து கூடும். மார்ச்சிலிருந்து மே வரை அந்தக் கரையைப் பார்த்தவர்கள் பாக்கியவான்கள். மைசூர் மகாராஜா வேட்டைக்கு வந்து தங்கிய மாளிகையில்தான் மாநில அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் விடுதி நடக்கிறது. சாயங்காலம் படகில் கூட்டிப்போய் யானை காட்டி, இருட்டுவதற்குள் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார்கள்.

கபினி தண்ணீர் திருமகூடலு நரசிபுரத்தில் காவிரியோடு சேர்ந்து மேட்டூருக்குப் போகிறது. கரையில் நின்ற அண்ணன் நெஞ்சு விம்மி, "இந்தத் தண்ணி நேரா நம்ம ஊருக்குத்தான்பா போவுது" என்றார். சொன்னபிறகுதான் பக்கத்தில் நின்றவர் சட்டையில் சிவப்பு மஞ்சள் கன்னடக் கொடி குத்தியிருந்ததைக் கவனித்தார். "அப்டின்னு கூகுள்ல போட்டிருக்கான்" என்று முடித்துக்கொண்டார். பெங்களூரில் மூன்று தலைமுறையாக இருப்பவருக்கு இந்த அளவு நீச்சல்கூடத் தெரியாதா?

விஷயம் கூடாரத்தில்தான் முட்டியது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, நெருப்பு வைக்கக் கூடாது. நினைத்த இடத்தில் முளை அடித்துப் படுப்பதெல்லாம் கனவில்தான். பந்திப்பூர் வழியாகப் போகிற நெடுஞ்சாலையில் 2009இலிருந்து ராத்திரி ஒன்பது முதல் காலை ஆறு வரை லாரிக்கே வழி கிடையாது. இவர் வனக்காவலரிடம் போய், "ஒரே ஒரு டென்ட், ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று நிற்கிறார்.

காவலர் மரியாதைக்காரர். "ஆனெ பந்த்ரே டென்ட் எணிசல்லா ஸார்" என்றார். யானை வந்தால் எத்தனை டென்ட் என்றெல்லாம் எண்ணிப் பார்க்காது என்று அர்த்தம். அண்ணன் விடாமல், மினசோட்டாவில் விடுகிறார்களே என்று செல்போனில் படம் காட்டினார். காவலர் படத்தைப் பொறுமையாக உற்றுப் பார்த்துவிட்டு, "அங்கே யானை இருக்கிறதா?" என்று கன்னடத்தில் கேட்டார். அண்ணனுக்கு வந்த கோபத்தில் உயரம் காட்டும் கடிகாரத்தைத் தட்டிக்கொண்டார். அன்றைய ராத்திரி கழிந்தது காட்டுக்கு வெளியே ஒரு ராகிக் கொல்லையில். ஏரி தெரியும் என்று சொன்னார்கள். தெரிந்தது போர்வெல் பம்பு.

நம்மூரில் காட்டுக்குள், ஏரிக்கரையில், சட்டப்படி கூடாரத்தில் படுக்க வழியே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அதற்குத் தேக்கடிக்குப் போகவேண்டும். பென்னிகுவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895இல் எழுந்தபோது உண்டான ஏரி. அன்று மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்னும் தண்ணீருக்கு மேல் நிற்கின்றன. நடுவில் திருவிதாங்கூர் மகாராஜாவின் எடப்பாளையம் மாளிகை இருக்கிறது. படகில்தான் போகமுடியும். அது பணம் உள்ளவர்களுக்கு. அண்ணன் பதிவு செய்தது 'டைகர் டிரெயில்'. காட்டில் நடந்து, கூடாரத்தில் ராத்தங்கல். ஒரு குழுவில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களைத்தான் சேர்ப்பார்கள். துப்பாக்கியோடு வனக்காவலர் ஒருவர் கூட வருவார்.

ஏரியைத் தாண்டும்போது அண்ணன் பட்டையெல்லாம் இறுக்கி உயிர்காப்பு அங்கியைப் போட்டுக்கொண்டார், ஒரு தமாஷும் பேசவில்லை. 2009 செப்டம்பர் 30ஆம் தேதி இந்த ஏரியில் 'ஜலகன்யகா' படகு கவிழ்ந்து 45 பேர் போனார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவரைக் கிண்டல் செய்ய எனக்கும் வாய் வரவில்லை.

கரையேறியதும் பழைய அண்ணன் திரும்பிவிட்டார். வழிகாட்டிகளின் கையில் ஆளுக்கு ஒரு துணிப்பை, ஒரு வெட்டரிவாள். அண்ணன் முதுகில் அரை வீடு. அட்டைப்பூச்சிக்குத் துணி உறை கொடுத்தார்கள். அண்ணன் ஏற்கெனவே இறக்குமதிக் களிம்பு பூசியிருந்ததால் வேண்டாமென்றார். ஒரு மணி நேரத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டார். முகாமுக்கு வந்து, "எல்லாரும் தள்ளி நில்லுங்க" என்று தன் கூடாரத்தை வீசப் போனபோது வழிகாட்டிகளில் பெரியவர் ஒருவர் தடுத்தார்.

"டென்ட்டெல்லாம் நாங்க போட்டாச்சு சார். அதை அப்படியே வைங்க, விரிச்சா ஊருக்குக் கொண்டுபோக முடியாது. போன மாசம் ஒருத்தர் பட்டாரு."

அந்த வழிகாட்டிப் பெரியவர்களின் கதை அண்ணனுக்குச் சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்தது. இதே காட்டில் வயணப் பட்டை என்கிற காட்டு இலவங்கப்பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள். வனத்துறை தேடித் தேடி அலுத்துப்போய், 1990களின் பிற்பகுதியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தது: தொழிலை விடுங்கள், வழக்கை விடுகிறோம், காட்டைக் காவல் காத்து, வருகிறவர்களுக்கு வழி காட்டிப் பிழையுங்கள். இவர்கள் அளவுக்கு அந்தக் காட்டின் சந்துபொந்து தெரிந்த ஆள் துறையில் யாரும் இல்லை.

அண்ணனுக்குச் சிலிர்த்துவிட்டது. "இந்த இடத்துலதான் பட்டை உரிச்சீங்களாண்ணா?"

"இங்க எங்க சார், இது ரோந்து வர்ற பாதையில்ல? அந்தா தெரியுதே மேடு, அதுக்குப் பின்னால."

ராத்திரி எல்லோரும் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அண்ணன் எழுந்து நின்றார். தலைவிளக்கு அவர் பேசுகிற பக்கமெல்லாம் ஆட்களின் கண்ணில் அடித்தது. 'லீவ் நோ டிரேஸ்' என்று அமெரிக்காவில் ஒரு தர்மம் இருக்கிறது என்று ஆரம்பித்தார். காட்டுக்கு வந்தால் நாம் வந்து போன அடையாளமே தெரியக் கூடாது. சாம்பலைக் கலைக்க வேண்டும், மிதித்த புல்லை நிமிர்த்த வேண்டும், சத்தம் கூடாது, வெளிச்சம் கூடாது, ஒரு பீடித்துண்டுகூடக் கிடக்கக் கூடாது. பின்னால் வருகிறவன், இங்கே மனுஷனே வந்ததில்லை என்று நினைக்க வேண்டும். இதை நம் மக்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும் என்று கையை உயர்த்தினார்.

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் பணிவாகச் சொன்னார்: "அதுல பிசகியிருந்தா நாங்கல்லாம் முதல் வருசமே ஜெயிலுக்குப் போயிருப்போம் சார்."

அண்ணன் விளக்கை அணைத்துவிட்டுப் பெரியவர் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார்.

"இதுக்கு வீக்எண்ட் கோர்ஸ் ஏதாச்சும் நடத்துறீங்களாண்ணா?"