பஜ்ஜிக்கு இருக்கும் கடை முண்டுக்கு இல்லையா?

கேள்வி: உணவுக் கண்காட்சி என்று போனால் டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும்தான் கண்ணில் படுகின்றன. ஊர்ச் சரக்குக்கான கண்காட்சிகள் ஏன் தேய்ந்துவிட்டன?
- வாசகர், பரமக்குடி

பதில்: அந்த பஜ்ஜிக்குள் இருக்கும் மிளகாயாவது உங்கள் ஊர்க்காரரா என்றால், அதுவும் இல்லை!

இது உலகம் முழுக்க உள்ள நோய். அமெரிக்காவின் சிறப்பு உணவு வணிகர்கள் பல ஆண்டுகள் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திய குளிர்காலக் கண்காட்சியே 2022இல் லாஸ் வேகாஸுக்குப் பெட்டி கட்டியது. கடை வாடகை, பயணம், தங்கும் செலவு ஏறினால் முதலில் விலகுபவர் சிறிய தயாரிப்பாளர். அவர் போனால், புதுச் சரக்கு தேடும் வியாபாரிக்கும் அங்கே வேலை இல்லை. மிஞ்சுவது கூட்டமும் பஜ்ஜியும்.

உங்கள் ஊர்ச் சரக்குக்கு வருவோம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வானம் பார்த்த பூமியில் மழையை நம்பி விளைந்து, குண்டு குண்டாய் உங்கள் ஊர்ச் சந்தைக்கு மூட்டையில் வருகிறது. சான்றிதழ் வந்தால் மட்டும் விலை வந்துவிடாது, வாங்குபவரும் வரவேண்டும்.

அறுவடைக் காலத்தில், பரமக்குடியிலேயே, விவசாயியிடம் வாடகை வாங்காமல் அரசு ஒரு மிளகாய்க் கண்காட்சி நடத்தட்டும். வெளியூர் மசாலா நிறுவனங்களை அரசே அழைத்து வரட்டும். நீங்களும் அடுத்த முறை மிளகாய் வாங்கும்போது, 'முண்டு இருக்கிறதா?' என்று கேட்டு வாங்குங்கள்.