வெயிலுக்கா, சாம்பாருக்கா?

காருக்கு வெளியே என்ன நிறம் என்பதை எங்கள் வீட்டில் காபி ஆறுவதற்குள் முடிவு செய்துவிட்டோம். வெள்ளை. ஊரில் பாதிப் பேர் வெள்ளைதான் வைத்திருக்கிறார்கள், வெயிட்டிங்கும் இல்லை என்றார்கள். அதற்கு மேல் காரணம் வேண்டியிருக்கவில்லை. தகராறெல்லாம் உள்ளேதான். நாங்கள் பார்த்த மாடலில் பீஜ் சீட்டும் உண்டு, கறுப்பு சீட்டும் உண்டு. விலை ஒன்றே. விலை மட்டும் வேறாக இருந்திருந்தால் என் பாடு சுலபம்: குறைந்ததை எடுத்துக்கொண்டு, அதுதான் உசத்தி என்று வாதாடியிருப்பேன். ஒரே விலை என்றதும் புத்தியைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

கேட்காத ஆள் பாக்கியில்லை. ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரர், “கறுப்பு எடுத்தீங்கன்னா மே மாசம் உட்கார முடியாது சார், தொடை வெந்துடும்” என்றார். எதிர்வீட்டுக்காரர், “பீஜ் எடுத்தீங்கன்னா தீபாவளிக்குள்ள டீக்கடை பெஞ்சு ஆயிடும்” என்றார். இரண்டும் நியாயமாகப் பட்டது. கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்ந்துவிடுவது என் பிறவிக் குணம். மனைவி மட்டும், “உட்கார்றதுக்குத்தானே, எதுவா இருந்தா என்ன?” என்றாள். அதில் விவாதிக்க ஒன்றுமே இல்லாததால் நான் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தொட்டுப் பார்த்தே முடிவெடுத்துவிடலாம் என்று ஷோரூமுக்குப் போனேன். இரண்டு காரிலும் மாறி மாறி உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு சீட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, சூடு எதில் அதிகம் என்று நிதானமாக உணர்ந்து பார்த்தேன். இரண்டும் ஜில்லென்று இருந்தன. உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது என்பது, வெளியே வந்து வெயில் முகத்தில் அறைந்த பிறகுதான் உறைத்தது. வாசலில் டெஸ்ட் டிரைவ் வண்டி ஒன்று காலையிலிருந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஏறி உட்கார்ந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கேட்கக் கூச்சமாக இருந்ததால் ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்று நழுவிவிட்டேன்.

கூச்சப்படுகிறவனுக்கு உற்ற துணை படிப்புதானே. படிக்க ஆரம்பித்தேன். வெயிலைப் பற்றிச் சென்னைக்காரனுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. 2003 மே மாதம் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் இது. இருந்தும் படித்தேன். வெயில் கண்ணாடி வழியாகச் சுலபமாக உள்ளே வந்துவிடுகிறது. சூடேறிய சீட்டும் டேஷ்போர்டும் விடுகிற வெப்பக் கதிரை அதே கண்ணாடி வெளியே விடுவதில்லை. நிறுத்திய கார் அடுப்பாவது இப்படித்தான். அடர் கறுப்பு ஃபிலிம் ஒட்டித் தப்பிக்கிற வழியை உச்ச நீதிமன்றம் 2012-லேயே அடைத்துவிட்டது. இந்தத் தேடலில்தான் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2011-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று சிக்கியது. ஒரே மாடலில் கறுப்பு கார் ஒன்றையும் வெள்ளி நிறக் கார் ஒன்றையும் வெயிலில் நிறுத்தி அளந்திருக்கிறார்கள். கூரைச் சூட்டில் 25 டிகிரி வரை வித்தியாசம். உள்ளே இருக்கும் காற்றில் ஐந்தாறு டிகிரி.

அன்றிரவு தோசைக்கு நடுவே இதை அறிவித்தேன். அமெரிக்கா என்றதும் எதிர்ப்பு அடங்கிவிட்டது. அது காரின் வெளிப்பூச்சைப் பற்றிய ஆய்வு, சீட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. பீஜ் என்று முடிவாயிற்று.

வண்டி கைக்கு வந்ததும் நேரே பாடிகாட் முனீஸ்வரர் கோயில். சென்னையில் புது வண்டிக்கு ஆர்.டி.ஓ. பதிவைவிட முக்கியமான பதிவு அது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, ஸ்டியரிங்கில் சந்தனமும் குங்குமமும் இட்டார் பூசாரி. அம்மா பயபக்தியோடு பிரசாதக் குங்குமத்தை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, விரலில் மிஞ்சியதைத் தட்டிவிட்ட இடம் பின்சீட்டு. நல்லவேளையாக, கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை இருந்தது. துடைத்தால் போயிற்று. அந்தக் கணத்தில் எடுத்த முடிவுதான், உறையைக் கழற்றுவதில்லை என்பது. பிரேக் போடும்போதெல்லாம் பட்டுப்புடவையோடு அம்மா முன்சீட்டின் முதுகு வரை வழுக்கி வந்தார். திருப்பத்தில் மொத்தக் குடும்பமும் ஒரே பக்கம் சேர்ந்தது. வெயில் ஏற ஏறச் சட்டை முதுகோடு ஒட்டி, எழுந்திருக்கும்போது டர்ரென்று சத்தம் வரும். “இதுக்குப் பீஜ் எதுக்கு? பிளாஸ்டிக் கலர்லயே எடுத்திருக்கலாமே” என்றாள் மகள். கழற்றினேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்து மைதானத்தில் மொட்டை வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு, சாப்பிட்டு முடித்துத் திரும்பினோம். என் ஆராய்ச்சிக்குப் பரிசு கிடைக்கப்போகிற நேரம். எல்லோரையும் ஏறச் சொல்லி, “பாருங்க, சீட்டு சுடுதா?” என்று கேட்டேன். உண்மையிலேயே பெரிதாகச் சுடவில்லை. பெருமிதத்தோடு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் விட்டேன். ஸ்டியரிங் கறுப்பு. கியர் கறுப்பு. டேஷ்போர்டின் மேல்தட்டும் கறுப்பு. அது அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன்: மேல்தட்டு வெளிர் நிறமாக இருந்தால் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து சாலையை மறைக்கும். ஆக, உட்காருகிற இடம் மட்டும் வெளிர் நிறம், கை படுகிற இடமெல்லாம் கறுப்பு. கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு பைபாஸ் வரை ஓட்டினேன். பின்சீட்டில் ஏனோ எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வந்தார்கள்.

இதற்கிடையே நான் சீட்டின் காவல்காரன் ஆகியிருந்தேன். ஈரக் குடை கூடாது, சாக்லேட் கூடாது, தலைக்கு எண்ணெய் வைத்துச் சாயக் கூடாது. முக்கியமாக, புது ஜீன்ஸ் கூடாது. அவுரிச் சாயம் நூலுக்குள் முழுசாக இறங்குவதில்லை, மேலாகப் படிந்து நிற்கும், உரசினால் இன்னொன்றில் ஏறிக்கொள்ளும் என்று மகளின் சிநேகிதிகளுக்கெல்லாம் வாசலில் நிறுத்தி விளக்கினேன். அவர்கள் அதற்குப் பிறகு ஆட்டோவில் வர ஆரம்பித்தார்கள். ஒரு நாள் வண்டியைத் துடைக்கும்போது சீட்டின் ஓரத்தில், ஏறி இறங்கும்போது தொடை தேய்கிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு நீலம். டிரைவர் சீட்டு. அதில் என்னைத் தவிர யாரும் உட்காருவதில்லை. பிறந்தநாளுக்கு வந்த ஜீன்ஸ் என்னுடையதுதான்.

சாம்பார் கதை இதைவிட மோசம். காலையில் வாங்கிய இட்லி பார்சல். நூல் கட்டிய பாலிதீன் பையில் சாம்பார், பின்சீட்டில். யாரையும் நம்பாமல் நானே வைத்தேன். ஸ்பீட் பிரேக்கர் ஒன்று ஏறி இறங்கியதில் முடிச்சு நழுவி, சீட்டின் தையல் வழியே மஞ்சள் ஓடிற்று. வீட்டுக்கு வந்ததும், யாரும் பார்ப்பதற்குள் துணி சோப்பைக் குழைத்துத் தேய்த்தேன். மஞ்சள், கண்ணெதிரே செங்கல் சிவப்பாக மாறியது. பதறிப்போய் இன்னும் கொஞ்சம் சோப்புப் போட்டேன். இன்னும் நன்றாகச் சிவந்தது.

அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, “மஞ்சள்ல சுண்ணாம்பைச் சேர்த்தா ஆரத்தி சிவக்கும்னு தெரியாதாடா? சோப்பும் அந்த ஜாதிதான்” என்றார். தெரியும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தில் சிவக்கும் என்று பள்ளிக்கூடத்தில் மஞ்சள் தடவிய காகிதத்தை வைத்துப் பரிசோதனையே செய்திருக்கிறேன். மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அமெரிக்க ஆய்வகம் வரை போன எனக்கு ஏழாம் வகுப்பு நினைவுக்கு வரவில்லை. “தண்ணி விட்டு அலசிட்டு வெயில்ல போடு, மஞ்சக்கறை வெயிலுக்கு ஓடிடும்” என்றார் அம்மா. அதுவும் உண்மைதான். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. மஞ்சள் பட்ட வேட்டியைத் துவைத்து வெயிலில் உலர்த்துவது அதனால்தான்.

சீட்டைக் கழற்றிக் கொடியில் போட முடியாதே. வண்டியையே வெயிலில் நிறுத்த வேண்டும். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது: எங்கள் வண்டி நிற்கிற எந்த இடத்திலும் வெயில் கிடையாது. குடியிருப்பில் தரைத்தளத்துத் தூண்களுக்கு நடுவே பார்க்கிங். ஆபீசில் பேஸ்மென்ட். காஞ்சிபுரம் மாதிரி எப்போதாவது ஒரு கல்யாணத்தை விட்டால், காஞ்சிபோகிற அளவுக்கு வெயிலையே பார்க்காத வண்டிக்காகத்தான் நான் இத்தனை இயற்பியல் படித்திருக்கிறேன். மனைவியிடம் சொன்னேன். “அதான் எதுவா இருந்தா என்னன்னு கேட்டேன்” என்றாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை பூங்கா ஓரத்தில், ஊரே தூங்குமூஞ்சி மர நிழலுக்கு அடித்துக்கொள்ளும் தெருவில், உச்சி வெயில் விழுகிற ஒரே இடத்தைத் தேடிப் பிடித்து வண்டியை நிறுத்திக் கதவுகளைத் திறந்துவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். இளநீர்க்காரர் கூப்பிட்டுச் சொன்னார்: “சார், இந்தப் பக்கம் நிழல் காலியாத்தான் இருக்கு.” பரவாயில்லை என்றேன். சிறிது நேரம் கழித்து மறுபடி சொன்னார். மறுபடியும் பரவாயில்லை என்றேன். மூன்றாவது தடவை அவர் சொல்லவில்லை; பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொன்னார். கறை முக்கால்வாசி போய்விட்டது. நீலம் போகவில்லை.

சீட் கவர் போட்டுவிடுவது என்று ஜி.பி. ரோட்டுக்குப் போனேன். ஆமாம், வெயிலுக்குப் பயந்து வாங்கிய பீஜ் சீட்டுக்கு, கறைக்குப் பயந்து அடர் பிரவுன் கவர். கடைக்காரர் ரெக்சின் துண்டுகளை விரித்துப் போட்டுவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்: “சைடு ஏர்பேக் உண்டா சார் உங்க வண்டியில?”

எனக்குத் தெரியவில்லை. சீட்டு நிறத்தைப் பற்றி ஒரு கருத்தரங்கே நடத்தக்கூடிய எனக்கு, அந்தச் சீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அவரே எழுந்து வந்து முன்சீட்டின் முதுகுப் பக்கவாட்டில், கதவை ஒட்டிய தையலில் தொங்கிய சின்னத் துணிச்சீட்டைத் திருப்பிக் காட்டினார். ‘ஏர்பேக்’ என்று எழுதியிருந்தது. “இது இருந்தா, சீட்டு ஓரத்தைக் கிழிச்சிட்டுத்தான் வெளிய வரும். கெட்டித் தையல் கவர் போட்டா தடுத்துடும். அதுக்குன்னு லேசாத் தையல் விட்ட கவர் இருக்கு, ஆனா உங்க மேனுவல்ல என்ன போட்டிருக்குன்னு பார்த்துட்டு வாங்க” என்றார். வியாபாரத்தை விட்டுவிட்டுப் புத்தி சொன்ன மனிதர். வீட்டுக்கு வந்து, அதுவரை பிரிக்காத மேனுவலைப் பிரித்தேன். முன்சீட்டுக்குக் கவரே போடாதே என்றிருந்தது. மடித்து வைத்தேன். நீலத்தோடுதான் ஓட்டுகிறேன்.

இப்போது அக்கா மகன் கார் வாங்குகிறான். போன வாரம் போன் செய்து, “மாமா, சீட்டு லைட் கலரா, டார்க் கலரா? நீங்க நிறைய ஆராய்ச்சி பண்ணீங்கன்னு அம்மா சொன்னாங்க” என்றான். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நிறத்தை விடு, ஏர்பேக் எத்தனை, எங்கெங்கே என்று கேள் என்றேன். வண்டி பகலில் வெயிலில் நிற்குமா, நிழலில் நிற்குமா, அதைப் பார் என்றேன். மஞ்சள், அவுரி, கண்ணாடி, டேஷ்போர்டின் பிம்பம் என்று ஒன்றுவிடாமல் சொல்லி, கடைசியில் கறுப்புதான் என்று தீர்ப்பும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

“சரி மாமா. நான் புக் பண்ணின வேரியன்ட்ல பீஜ் மட்டும்தான் வருது. எப்படியிருக்கும்னு சும்மா கேட்டேன்.”