பார்க்காதவர்

இரவு ஒன்பதரைக்கு அத்தை சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தால், மாமா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார். "இந்தக் கண்றாவியெல்லாம் நான் பார்க்கிறதில்லம்மா" என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே உள்ள நடையில், டிவிக்கு முதுகைக் காட்டி நாற்காலியைப் போடுவார். காலையிலேயே வரி விடாமல் படித்து முடித்த தினத்தந்தியை மறுபடி விரிப்பார். உறையூரில் எங்கள் வீட்டில் இது தினமும் நடக்கிற பூஜை.

கல்யாணமாகி வந்த புதிதில் நான் இதை நம்பினேன். நாடகம் பார்க்காத மாமனார் கிடைத்தார் என்று அம்மாவிடம் போனில் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். நாடகம் ஓடும்போது அந்தப் பேப்பரின் பக்கம் புரள்வதே இல்லை. விளம்பரம் வந்தால்தான் புரளும்.

"அவ அந்தப் பத்திரத்துல கையெழுத்துப் போடக் கூடாது."

குரல் பேப்பருக்குப் பின்னாலிருந்து வரும்.

"நீங்கதான் பார்க்கிறதில்லையே மாமா?"

"காதுல விழுதேம்மா. காதை எங்க கழட்டி வைக்கிறது?"

சரி, சத்தத்தைக் குறைப்போம் என்று குறைத்தால் அதற்கும் ஒரு குரல் வரும். "உங்க அத்தைக்கு ஏற்கெனவே காது மந்தம். கொஞ்சம் கூட்டி வைம்மா." அத்தைக்கு அடுத்த தெருவில் கீரைக்காரி கூவுவதுகூடக் கேட்கும்.

காதில் விழுகிற கதையைச் சொன்னால் பரவாயில்லை. மருமகள் கட்டியிருக்கும் புடவை போன வாரமும் கட்டியது என்று காது சொல்லுமா? ஒரு நாள் வகையாக மாட்டிக்கொண்டார். திரையில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடையிலிருந்து சீற்றம் கிளம்பியது. "அந்தப் பய இடது கையால சாப்பிடுறான். டைரக்டர் இதைக்கூடப் பார்க்க வேண்டாமா?"

நாங்கள் பார்த்தோம். பையன் நன்றாக வலது கையால்தான் பிசைந்துகொண்டிருந்தான். அத்தைக்குக் குழப்பம். எனக்குப் பொறி தட்டியது. மெல்ல எழுந்துபோய் அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். எதிரே, என் கணவர் பள்ளிக்கூடத்தில் வாங்கிய கோப்பைகள் அடுக்கிய ஷோகேஸ். அதன் கண்ணாடியில் டிவி முழுசாகத் தெரிந்தது, இடம் வலம் மாறி. மாமா இத்தனை வருடமாக நாடகங்களை அதில்தான் 'பார்க்காமல்' இருந்திருக்கிறார்.

இந்தக் கலை அவருக்குத் தொழில் வழியாக வந்தது. மாமா அஞ்சலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 15 காசு கார்டு காலத்தில், அவர் வேலை பார்த்த ஊரில் யார் வீட்டில் பிரசவம், யார் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்பதெல்லாம் சம்பந்தப்பட்டவருக்கு முன்பே அவருக்குத் தெரியுமாம். "அடுத்தவங்க கடிதாசியைப் படிக்கிறது பாவம்மா. நான் படிச்சதே இல்லை. சீல் குத்தறப்போ கண்ணுல படும்."

தூர்தர்ஷனில் 1987 ஜனவரியில் ராமாயணம் ஆரம்பித்தபோதும் அப்படித்தான் என்பார் அத்தை. தெருவுக்கே அவர்கள் வீட்டில்தான் டிவி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடம் கொள்ளாத கூட்டம். மாமா மட்டும் வாசற்படியில் நிற்பார். இந்தி தெரியாததால் பார்க்கவில்லையாம். ஆனால் கூட்டத்துக்குத் தமிழில் கதை சொன்னவர் அவர்தான்.

எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க, நாடு முழுக்க 50,000-க்கும் மேற்பட்ட வீடுகளில் மீட்டர் வைத்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் ஆளுக்கொரு பொத்தான். டிவி முன்னால் உட்காரும்போது அவரவர் பொத்தானை அமுக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு அப்படியொரு மீட்டர் வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்திருக்கிறேன். மாமா பொத்தானைத் தொடமாட்டார். "நமக்கு எதுக்கும்மா அது?" என்பார். இப்படி ஊர் ஊருக்கு எத்தனை மாமாக்கள் கணக்கில் வராமல் நடையில் உட்கார்ந்திருக்கிறார்களோ!

செல்போன் வந்தபின் கலை அடுத்த படிக்கு ஏறியது. "வாட்ஸ்அப்லாம் எனக்கு ஆகாதும்மா. கேஸ் புக் பண்றதுக்காக வெச்சிருக்கேன்" என்பார். 2017-ல் ஸ்டேட்டஸ் என்று ஒன்று வந்ததே, அது மாமாவுக்காகவே கண்டுபிடித்த சங்கதி. அந்தக் காலத்துக் கார்டு மாதிரிதான், ஒட்டாத கடிதம். அவர் இதுவரை ஒரு ஸ்டேட்டஸ் போட்டதில்லை. யார் படத்துக்கும் ஒரு கட்டை விரல் உயர்த்தியதில்லை. ஆனால் கல்யாண வீட்டுப் பந்தியில், பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒன்றுவிட்ட தம்பியிடம் போய், "மூணாறுல மழையா இருந்திருக்குமே?" என்றார். தம்பி சாம்பார் வாளியைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்பது போட்டவருக்குத் தெரியும் என்ற விஷயத்தை என் பையன்தான் ஒரு நாள் தாத்தாவிடம் போட்டுடைத்தான். "அம்மா எது போட்டாலும் முதல் ஆளா உங்க பேருதான் தாத்தா வருது." மாமா முகத்தில் ஈயாடவில்லை. அன்று சாயங்காலமே பேரனைத் தள்ளிக்கொண்டுபோய் பஜ்ஜி வாங்கிக்கொடுத்து, நீல டிக் அமைப்பை அணைக்க வைத்துவிட்டார். அதை அணைத்தால் நாம் பார்ப்பது அடுத்தவருக்குத் தெரியாது. பதிலுக்கு, நம் ஸ்டேட்டஸை யார் பார்த்தார்கள் என்று நமக்கும் தெரியாது. ஸ்டேட்டஸே போடாதவருக்கு அதில் என்ன நஷ்டம்? பஜ்ஜிக் காசோடு போயிற்று.

ஒரே ஒரு நாள் அவர் வேஷம் கலைந்ததைப் பார்த்தேன். 2023 செப்டம்பர் 8. எதிர்நீச்சலில் ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து மாரடைப்பில் போய்விட்டார். அன்று காலைகூட அந்தத் தொடருக்கு டப்பிங் பேசப் போயிருந்தவர். "ஏய் இந்தாம்மா" என்று அந்த வீட்டுப் பெண்களை அவர் அதட்டும்போதெல்லாம், பேப்பருக்குப் பின்னாலிருந்து மாமா சாபம் விடுவார். அன்று ராத்திரி தட்டில் வைத்த நாலு தோசையில் இரண்டு அப்படியே இருந்தது. "தேனிப் பக்கத்துக்காரரும்மா. சினிமாவுக்காக வீட்டை விட்டு ஓடிவந்து எவ்வளவு கஷ்டப்பட்டவரு" என்றார். அதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அன்று நான் கேட்கவில்லை.

இந்த ஜாதி ஆட்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு. "நான் பிக் பாஸே பார்க்கிறதில்லை. கமல் வர்ற சனி, ஞாயிறு மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டே, திங்கட்கிழமை காலையில் யாரை வெளியேற்றியது அநியாயம் என்று விளக்குகிறவர் எல்லா ஆபீசிலும் இருந்தார். இன்ஸ்டாகிராமைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்கிற எதிர்வீட்டுப் பெண்ணுக்கு எந்த நடிகையின் வளைகாப்பு என்றைக்கு என்று தெரிந்திருக்கிறது. "வீட்டுக்காரர் காட்டினார்" என்கிறாள். வீட்டுக்காரரைக் கேட்டால், "நானா?" என்பார்.

நான் மட்டும் யோக்கியமா? ராத்திரி பதினொரு மணிக்கு, அலாரம் வைப்பதற்காகத்தான் போனை எடுக்கிறேன். நடுவில் யாரோ ஒரு பாட்டி விறகடுப்பில் மீன் குழம்பு வைக்கிறார், யாரோ யானையைக் குளிப்பாட்டுகிறார். அலாரம் வைத்து முடிக்கும்போது மணி பன்னிரண்டே கால். மறுநாள் யாராவது ரீல்ஸ் பற்றிப் பேசினால், "எனக்கு எங்கங்க அதுக்கெல்லாம் நேரம்?" என்று என் வாய் தானாகச் சொல்கிறது.

போன மாதம் அத்தை ஒரு கல்யாணத்துக்காக மூன்று நாள் ஊருக்குப் போனார். முறைப்படி பார்த்தால் டிவிக்கு விடுமுறை. பார்க்கிறவர்தான் வீட்டில் இல்லையே! முதல் நாள் ஒன்பதரை அடித்தது. மாமா தண்ணீர் குடித்தார். ஜன்னலைச் சாத்தினார். திறந்தார். கடைசியில் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, டிவியை நாள் கணக்குல போடாம வெச்சா உள்ளே ஈரம் பூத்துக் கெட்டுப்போயிருமாம். கொஞ்ச நேரம் போட்டு விடு."

போட்டுவிட்டேன். சோபா காலியாகக் கிடந்தது. அதில் உட்காருவார் என்று எதிர்பார்த்தேன். மாமா வழக்கம்போல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடைக்குப் போய், டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பரை விரித்தார். எதை வைப்பது என்று நான் ரிமோட்டோடு தேடிக்கொண்டிருந்தபோது, சேனல் நம்பர் மட்டும் நடையிலிருந்து சரியாக வந்தது.

இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது அந்த ஷோகேஸ் கண்ணாடியை மட்டும் இரண்டு தடவை துடைத்து வைக்கிறேன். யாரும் எதுவும் கேட்பதில்லை.