வட்டமாக நாற்காலி போடுங்கள்

காது கேளாதவர்களும், காதும் கண்ணும் இரண்டும் மங்கியவர்களும், அவர்கள் வீட்டாரும் மாதத்துக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடினால் என்ன என்று இரண்டு வாரத்துக்கு முன் இங்கே எழுதியிருந்தேன். உக்குவளையிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. இந்த வாரம் முழு இடமும் அவற்றுக்கே.

கேள்வி: என் மகனுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. வயது 14. கூட்டத்துக்குக் கூட்டிப்போனால் அவனுக்கு அங்கே என்ன விளங்கப்போகிறது? (ஒரு தாய், உக்குவளை)

பதில்: எல்லாம் விளங்கும், அம்மா. முதல் நாள் விளங்காமல் முழிக்கப்போவது நீங்கள்தான்.

இரவுச் சாப்பாட்டு நேரத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா ஏதோ சொல்கிறார். தங்கச்சி சிரிக்கிறாள், நீங்களும் சிரிக்கிறீர்கள். அவன் உங்கள் கையைத் தொட்டு என்னவென்று கேட்கிறான். 'ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்' என்று கையசைத்துவிட்டு ரொட்டியை அவன் பக்கம் தள்ளுகிறீர்கள். அந்தப் 'பிறகு' வருவதே இல்லை. உங்களைக் குறை சொல்லவில்லை. காது கேளாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானோர் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள். அத்தனை வீட்டிலும் இந்த 'ஒன்றுமில்லை' இருக்கிறது. பசியையும் வயிற்றுவலியையும் உங்களிடம் காட்டிவிடுவான். நேற்றுக் கண்ட கனவை யாரிடம் சொல்வான்?

மத்திய அமெரிக்காவில் நிகரகுவா என்றொரு நாடு. அங்கே 1977 இல் தலைநகர் மனாகுவாவில் காது கேளாத பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்த்தார்கள். அதுவரை ஆளுக்கொரு வீட்டில், அம்மாவுக்கு மட்டும் புரிகிற சைகையோடு தனியாக இருந்த பிள்ளைகள். வகுப்பில் உதட்டைப் பார்த்து ஸ்பானிய மொழி படிக்கச் சொன்னார்கள், ஏறவில்லை. ஆனால் விளையாட்டுத் திடலிலும் பள்ளி பஸ்ஸிலும் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சைகைகளைக் கலந்து கதைக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த சின்னப் பிள்ளைகள் அதற்கு இலக்கணமே கொடுத்துவிட்டார்கள். யாரும் கற்றுக்கொடுக்காமல் ஒரு புது மொழி பிறந்தது. அரசு அழைத்து 1986 இல் போன மொழியியலாளர் ஜூடி கெகல் அதைக் கண்டு உலகுக்குச் சொன்னார்.

கூட்டிப் போங்கள். நீங்களும் இருந்து பாருங்கள்.

கேள்வி: காது கேளாதவர்கள் கைதட்டுவார்களா? (மாணவி, வத்தேகமை)

பதில்: கையைத் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்து ஆட்டுவார்கள். காற்றடித்த அரசமரம் மாதிரி இருக்கும். பக்கத்தில் கண்ணும் தெரியாதவர் இருந்தால் அவர் முதுகிலோ தோளிலோ விரல்களால் படபடவென்று தட்டி அந்தச் சந்தோஷத்தை அவரிடம் சேர்ப்பார்கள்.

கேள்வி: நாங்கள் தமிழ். பக்கத்து வீட்டுப் பிள்ளை சிங்களம். இருவருக்கும் காது கேட்காது. ஒரே கூட்டத்தில் வைத்தால் சரிப்படுமா? (தகப்பன், றத்தோட்டை)

பதில்: மொழி வேறு என்பது அவர்களின் அம்மாக்களுக்குத்தான். பிள்ளைகள் கைகளால் பேசுவது தமிழும் அல்ல, சிங்களமும் அல்ல. தனி இலக்கணம் உள்ள தனி மொழி.

வேறுபாடு வருவது இனத்தால் அல்ல, படித்த பாடசாலையால். நம் இலங்கையில் காது கேளாதோர் கல்வி 1912 இல் மேரி சாப்மன் என்ற மிஷனரி அம்மையார் தொடங்கிய பள்ளியோடு ஆரம்பித்தது. இன்று அது இரத்மலானையில் இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்காக 1956 இல் யாழ்ப்பாணம் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை வந்தது. பிள்ளைகள் விடுதியில் ஒன்றாக இருந்தார்கள், அந்தந்த விடுதியில் அந்தந்தச் சைகை வளர்ந்தது. ஆகவே ஒரே சாமானுக்கு இரண்டு பேர் இரண்டு விதமாகக் கை காட்டலாம். அவர்கள் அதற்காக மூஞ்சியைத் தூக்கிக்கொள்வதில்லை. 'உன் ஊரில் அப்படியா? எங்களிடம் இப்படி' என்று மாற்றி மாற்றிக் காட்டி, தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு முடிவுக்கு வந்துவிடுவார்கள். பெயரை எழுத்துக்கூட்டும்போது மட்டும் தமிழ் எழுத்து, சிங்கள எழுத்து என்று விரல்கள் பிரியும்.

உக்குவளைக் கடைத்தெருவில் ஒரே கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்று தமிழிலும் சிங்களத்திலும் கணக்குச் சொல்கிற முதலாளிமார் இருக்கிறார்கள். அவர்களுக்கு இன்னொரு மொழி பாரமாகாது. அவர்களையும் கூப்பிடுங்கள்.

கேள்வி: பிரதேச செயலகத்திலிருந்து பெரிய ஆட்களை அழைத்து, மாலை போட்டு, மங்கள விளக்கேற்றிச் சிறப்பாகச் செய்யலாமா? (சங்கச் செயலாளர், உக்குவளை)

பதில்: அழையுங்கள். பேச அல்ல, பார்க்க. இப்படிப்பட்ட ஒரு விழாவில் இரண்டு மணி நேரம் ஒலிவாங்கியில் உரைகள் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். முன்வரிசையில் இருந்தவர்கள் மடியில் கைகளைக் கோத்தபடி, அசையாமல் இருந்தார்கள். யாருக்காக விழாவோ அவர்களுடைய கைகள்தான் அங்கே அடங்கிக் கிடந்தன. எனக்கு மனம் பொறுக்கவில்லை.

மேடை வேண்டாம். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். வரிசையில் இருந்தால் முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும், முதுகு பேசாது. யன்னல் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி யாரும் உட்கார வேண்டாம், முகம் இருண்டுவிடும். கண் மங்கியவர்கள் வருவார்கள் என்றால் எல்லா லைட்டையும் போடுங்கள். கைகாட்டிப் பேசுகிறவர்கள் பூப்போட்ட சட்டையைத் தவிர்த்து, தங்கள் தோல் நிறத்திலிருந்து நன்றாக வேறுபடும் ஒற்றை நிறத்தில் வந்தால் கை தெளிவாகத் தெரியும். போயா தினம் நல்லது, வேலைக்குப் போகிறவர்களும் வரலாம். கண்டியிலிருந்து வருகிறவர்கள் மாத்தளை ரயிலில் ஏறி உக்குவளையில் இறங்கட்டும்.

தேத்தண்ணி நேரத்தை நீளமாக வையுங்கள். அதுதான் கூட்டம். முடியும் நேரம் என்று நோட்டீஸில் போட்டாலும் அவர்கள் போகமாட்டார்கள். ஒருமுறை மண்டபத்தைப் பூட்டிய பிறகும் ஏழெட்டுப் பேர் தெருவிளக்கடிக்கு நகர்ந்து நின்று கதைத்ததைக் கண்டேன். ஒரு பெண்மணி இரண்டு கையிலும் பை வைத்திருந்தார். பதில் சொல்ல வேண்டுமென்றால் பையைக் கீழே வைக்க வேண்டும். வைத்தார், சொன்னார், எடுத்தார். இரண்டடி நடந்தார். திரும்பி வந்து மறுபடியும் வைத்தார்.

வருகிற அதிகாரிக்கும் வட்டத்தில் ஒரு நாற்காலி, பக்கத்தில் ஒரு சைகை மொழிபெயர்ப்பாளர். வலுவிழந்தோர் உரிமைக்கான 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் நம்மிடம் இருக்கிறது. 2016 இல் இலங்கை ஏற்றுறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கை சைகை மொழியையும் காது கேளாதோர் பண்பாட்டையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதிகாரியிடம் கேட்க வேண்டியதைக் காது கேளாதவர்களே கேட்கட்டும்.

கேள்வி: என் பெரியம்மாவுக்கு முதலில் காது போனது, பிறகு கண்ணும் போனது. தொட்டுச் சோறு ஊட்டுவதோடு சரி. அவரோடு எப்படிக் கதைப்பது? (வாசகி, எல்கடுவை)

பதில்: பெரியம்மா எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்றால் இன்றைக்கே தொடங்கலாம். விஜயதசமியன்று ஏடு தொடக்கும்போது பெரியவர் ஒருவர் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிப்பாரே, அதையேதான் செய்யப்போகிறீர்கள். அரிசித் தட்டுக்குப் பதில் அவருடைய உள்ளங்கை. உங்கள் சுட்டுவிரலால் ஒரு எழுத்தை எழுதி, சற்று நிறுத்தி, அதே இடத்தில் அடுத்ததை எழுதுங்கள். முதலில் உங்கள் பெயர். யார் வந்து தொடுகிறார்கள் என்று தெரியாமல் இருப்பதே அவர்களுக்குப் பெரிய பயம். சொல் முடிந்ததும் உள்ளங்கையை ஒருமுறை துடைத்துவிடுவது போலத் தடவுங்கள். சிலேட்டு அழித்தாயிற்று என்று அவருக்கு விளங்கும்.

ஆஸ்திரியாவில் ஹிரோனிமஸ் லோர்ம் என்ற எழுத்தாளருக்கு இதே நிலை வந்தது. விரல் நுனி, விரலடி, உள்ளங்கை என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வோர் எழுத்தை வைத்து அவர் ஒரு முறையை அமைத்தார். ஜெர்மன் பேசும் நாடுகளில் காதும் கண்ணும் இழந்தவர்கள் இன்றும் அதில் கதைக்கிறார்கள். முதலிலேயே சைகை மொழி தெரிந்தவர்கள், பேசுகிறவரின் கைமேல் தங்கள் கையை மெதுவாக வைத்து அந்த அசைவைப் படித்துக்கொள்வார்கள். பெரியம்மாவின் கையைப் பிடித்து நீங்கள் இழுக்கக் கூடாது. உங்கள் கையை அடியில் கொடுங்கள், அவர் கை மேலே இருக்கட்டும். வேண்டாமென்றால் எடுத்துக்கொள்ளும் சுதந்திரம் அவருக்கு இருக்க வேண்டும்.

உலகச் செவிப்பார்வையற்றோர் கூட்டமைப்பின் 2018 அறிக்கை, மக்களில் ஐந்நூறு பேருக்கு ஒருவர் இந்த நிலையால் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்கிறது. உங்கள் பெரியம்மா ஒருவர் மட்டும் அல்ல. மும்பையில் 1977 இல் ஹெலன் கெல்லர் பெயரில் ஒரு நிறுவனம் இவர்களுக்காகத் தொடங்கியது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் நடக்கிறது. அங்கெல்லாம் தொடங்கும் இடம் இதே உள்ளங்கைதான்.

கேள்வி: காது கேளாத என் தம்பி இப்போது பொழுதுபட்டால் கல்லிலும் படியிலும் இடறுகிறான். கவனமில்லை என்று வீட்டில் ஏசுகிறார்கள். (அண்ணன், மாத்தளை)

பதில்: ஏச்சை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். உடனே கண் வைத்தியரிடம் காட்டுங்கள். பிறவியில் காது கேளாத பிள்ளைக்கு, வளரும் வயதில் இருட்டில் பார்வை குறைந்து, பிறகு ஓரப் பார்வையும் சுருங்கி, குழாய்க்குள் பார்ப்பது போல ஆவதுண்டு. அஷர் நோய்க்குறி என்று பெயர். ஸ்கொட்லாந்துக் கண் வைத்தியர் சார்ல்ஸ் அஷர் 1914 இல் விரிவாக எழுதியதால் வந்தது. இதுதானா என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும். இதுதான் என்றால், கண் இருக்கும்போதே தொட்டுப் பேசும் முறையையும் கைத்தடியையும் பழகிவிடலாம். கூட்டத்துக்கு அவனைக் கொண்டுவாருங்கள், இருட்டுமுன் வீடு சேருங்கள்.

கேள்வி: கர்ப்பத்தில் ஜெர்மன் அம்மை வந்தால் பிள்ளைக்குக் காதும் கண்ணும் போகும் என்பது உண்மையா? (கர்ப்பிணி, உக்குவளை)

பதில்: உண்மை, முதல் மூன்று மாதத்தில் ஆபத்து மிக அதிகம். ஆனால் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ருபெல்லா என்னும் இந்த அம்மைக்கு இலங்கை 1996 இலேயே தடுப்பூசியைத் தொடங்கியது. நாட்டிலிருந்து அந்த அம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் 2020 இல் அறிவித்தது. வீடு வீடாக வந்த குடும்ப நல உத்தியோகத்தர் மிஸ்மாரின் நடைக்கு அதில் பெரிய பங்கு.

கேள்வி: இப்போதுதான் வட்ஸ்அப் வீடியோ இருக்கிறதே. கூட்டம் எதற்கு? (இளைஞர், வத்தேகமை)

பதில்: எல்கடுவைப் பெரியம்மாவின் உள்ளங்கையில் வட்ஸ்அப்பால் எழுத முடியுமா, தம்பி?

கேள்வி: கைகாட்டப் பழக்கினால் பிள்ளை வாய் பேசப் பழகாது, அதைத் தடுக்க வேண்டும் என்கிறார் எங்கள் ஊர்ப் படித்தவர் ஒருவர். (பெற்றோர், பலாப்பத்வளை)

பதில்: அவருக்கு முன்பே ஒரு பெரிய சபை அதைச் சொல்லிவிட்டது. 1880 இல் இத்தாலியின் மிலான் நகரில் ஆசிரியர்கள் கூடி, காது கேளாதோர் பள்ளிகளில் சைகையை விலக்கிப் பேச்சை மட்டும் கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். வந்திருந்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் காது கேட்பவர்கள். அதன்பின் எத்தனையோ நாடுகளில் கையசைத்த பிள்ளைகள் தண்டிக்கப்பட்டார்கள். அந்தத் தீர்மானத்துக்கு, அதே மாநாட்டின் வழிவந்தவர்கள் 2010 இல் வான்கூவரில் வருத்தம் தெரிவித்தார்கள். கண்டியிலிருந்து உக்குவளை வழியாக மாத்தளைக்கு ரயில் வந்ததும் அதே 1880 இல்தான். ரயில் அந்த வருஷமே வந்துவிட்டது. வருத்தம் வந்துசேர 130 வருஷம்.

காதுக் கருவியும் பேச்சுப் பயிற்சியும் நல்லவையே, கொடுங்கள். கையைக் கட்டாதீர்கள். முதலில் ஒரு மொழி முழுதாக வந்துவிட்டால், அடுத்தது அதன் தோளில் ஏறி வரும்.

கேள்வி: கூட்டத்தில் பையன்களும் பெண்பிள்ளைகளும் பழகிக் கல்யாணம் வரை போய்விட்டால்? பிறக்கும் பிள்ளைக்கும் காது கேட்காமல் போகுமே! (காது கேளாத மகளைப் பற்றிக் கவலையுள்ள தந்தை, உக்குவளை)

பதில்: காது கேளாத தம்பதியருக்குப் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குக் காது நன்றாகவே கேட்கும். கேட்காவிட்டாலும், அந்தப் பிள்ளைக்குப் பிறந்த நாள் முதலே அம்மாவோடும் அப்பாவோடும் கதைக்க ஒரு மொழி இருக்கும். உங்கள் மகளுக்கு அது கிடைத்ததா, ஐயா?

கேள்வி: அண்ணனுக்காக ஆஸ்பத்திரியில், பஸ்ஸில், கடையில் ஏழு வயதிலிருந்து நான்தான் பேசுகிறேன். இப்போது 17. களைப்பாக இருக்கிறது என்று சொல்லக்கூட வெட்கமாக இருக்கிறது. (தங்கை, உக்குவளை)

பதில்: வெட்கப்படாதே, மகள். பத்து வருஷம் சம்பளமில்லாமல் மொழிபெயர்ப்பாளராக இருந்திருக்கிறாய். களைக்காமல் எப்படி இருக்கும்? கூட்டத்துக்கு வா. அங்கே அண்ணனுக்கு நீ தேவைப்படமாட்டாய். உன்னைப் போல வந்திருக்கும் தங்கைமார், தம்பிமார் ஒரு மூலையில் இருப்பார்கள். அவர்களோடு உட்கார்ந்து உன் பரீட்சையைப் பற்றிக் கதை. இந்த வேலையையே தொழிலாகப் படிக்க ஆசை வந்தால் நல்லது, வராவிட்டாலும் நல்லது. அடுத்தமுறை கிளினிக்குக்கு அம்மா போகட்டும்.

கேள்வி: என் பேரனுக்குக் காது கேட்காது. எனக்கு வயது 66. விரல் எல்லாம் வாதம். இனிமேல் சைகை மொழி ஏறுமா? (பாட்டி, உக்குவளைத் தோட்டம் ஒன்றிலிருந்து)

பதில்: ஏறும், பாட்டி. கொழுந்து பறித்த விரல்களுக்கு இது எம்மாத்திரம்? ஒரு பிள்ளையை நம்முடையவன் ஆக்கிக்கொள்வதுதான் கஷ்டம், அவன் ஏற்கெனவே உங்களுடையவன். ஒரு நாளைக்கு ஒரு சொல் போதும். பசி, தண்ணி, மழை, வா, ஏன். கை தடுமாறினால் அவனே பிடித்துத் திருத்துவான், அது அவனுக்குப் பெருமை.

அதற்கு முன் ஒன்று. காது கேளாதவர்களிடையே ஒவ்வொருவருக்கும் ஒரு சைகைப் பெயர் உண்டு. கன்னத்து மச்சம், சிரிக்கும் விதம், எப்போதும் இழுத்துச் செருகும் முந்தானை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்து வைப்பார்கள். அதை நாமே வைத்துக்கொள்ள முடியாது, அவர்கள்தான் தர வேண்டும். பேரனை முன்னால் உட்கார வைத்து, உங்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டி, எனக்கு என்ன பெயர் என்று கேளுங்கள். என்ன வைத்தான் என்று எனக்கு எழுதுங்கள்.