சாலொமோன் மாதிரி வரணும்

ஓய்வுநாள் பள்ளி மாறுவேடப் போட்டிக்கு நடுவராக உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், வேதாகமத்தில் வீரர்களுக்கு எவ்வளவு கிராக்கி என்று. ஏழு தாவீது, நான்கு சிம்சோன். சிம்சோன்களின் தலையில் எல்லாம் பாட்டிமாரின் சவுரி. ஒரு தாவீது கவணைச் சுழற்றிய வேகத்தில் மைக் ஸ்டாண்டு சாய்ந்தது. கோலியாத் மட்டும் வரவில்லை. எந்த அம்மாவும் ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"எங்க சின்னவன் சாலொமோன் மாதிரி வரணும் அண்ணாச்சி" என்றார் ஒரு தகப்பனார். ஞானத்தைத்தான் சொல்கிறார். 700 மனைவியர், 300 மறுமனையாட்டிகள் என்று அதே வேதாகமம் கணக்கு வைத்திருப்பதை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவர் வீட்டுக்காரம்மா பக்கத்திலேயே இருந்தார். தாவீதுக்கும் இதே சலுகைதான். 2 சாமுவேல் 11-ஆம் அதிகாரத்தில் உரியாவின் மனைவி குளிக்க வந்தவுடன் நம் வீடுகளில் பிள்ளைகளுக்குத் தூங்கும் நேரம் வந்துவிடும். ராஜாவின் குற்றத்தை ஒளிக்காமல் எழுதிவைத்த புத்தகம் அது. கத்தரிக்கோல் நம்முடையது.

ஒரே ஒரு சிறுமி வெள்ளைக் கோட்டும் ஸ்டெதஸ்கோப்புமாக, ஐடா ஸ்கடராக வந்தாள். 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கிய அம்மையார். தாய்க்குப் பெருமை தாங்கவில்லை: "இவளும் டாக்டராகி அமெரிக்கா போயிரணும் சார்."

ஐடா அமெரிக்காவில் டாக்டருக்குப் படித்துவிட்டு இங்கே வந்தவர். பாப்பா எதிர்த்திசையில் பின்பற்றுகிறாள், அவ்வளவுதான்.

முதல் பரிசு, சவுரி கடைசிவரை கழன்று விழாத சிம்சோனுக்கு.