பாதி பென்ஷன்… எதில் பாதி?

இரண்டு வாரம் முன்பு விருப்ப ஓய்வு பற்றி ஒரு டீச்சர் கேட்ட கேள்விக்கு நாலே வரியில் பதில் எழுதினேன். அது போதாது என்று கடிதங்கள் குவிந்துவிட்டன. அநேகமாக எல்லாமே ஆசிரியர்கள் எழுதியவை. ஆகவே இந்த வாரம் முழுக்க இதுதான்.

கேள்வி: வி.ஆர்.எஸ். வாங்கினால் பென்ஷனில் பாதி போய்விடும் என்று ஸ்டாஃப் ரூமில் பயமுறுத்துகிறார்களே, நிஜமா சார்? (ஆசிரியை, முத்தியால்பேட்டை)

பாதி போகாது டீச்சர். 60 வயது வரை இருந்தாலும் வரப்போவது பாதிதான். எதில் பாதி என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

புதுச்சேரி அரசு ஊழியருக்கு மத்திய அரசின் ஓய்வூதிய விதிகள்தான். 2004 ஜனவரி 1-க்கு முன் வேலையில் சேர்ந்தவருக்கு, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் பாதி பென்ஷன். கடைசி 10 மாதச் சராசரி அதைவிட அதிகமாக வந்தால் அதில் பாதி. முன்பெல்லாம் முழு பென்ஷனுக்கு 33 ஆண்டு சர்வீஸ் வேண்டும் என்று இருந்தது. ஆறாவது சம்பளக் கமிஷனோடு அது போயிற்று. 20 ஆண்டு தகுதிப் பணி முடித்து, மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து வெளியே வந்தால் அதே 50 சதவீதம். வயது குறைவு என்பதற்காக ஒரு பைசா வெட்ட மாட்டார்கள். 2004-க்கு முன் சேர்ந்தவர்கள் இன்றைக்கு எல்லாருமே 20 ஆண்டைத் தாண்டியிருப்பார்கள், இடையில் சம்பளமில்லாத நீண்ட விடுப்பு எடுத்தவர்களைத் தவிர.

கேள்வி: அப்படியானால் சீக்கிரம் வந்தால் நஷ்டமே இல்லையா? எனக்கு 54 வயது, 24 வருஷ சர்வீஸ். முட்டி வலியோடு மாடிப்படி ஏற முடியவில்லை. சி.பி.எஸ்.இ. வந்த பிறகு கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டிய விவரத்துக்கும் முடிவே இல்லை. (பட்டதாரி ஆசிரியை, லாஸ்பேட்டை)

நஷ்டம் இருக்கிறது. விகிதத்தில் இல்லை, அடிப்படையில் இருக்கிறது. உங்கள் அடிப்படைச் சம்பளம் 74,300 என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே போடுவோம்.

இன்றைக்கு வெளியே வந்தால் பென்ஷன் 37,150. அறுபது வரை இருந்தால் இன்னும் ஆறு இன்கிரிமென்ட். அதே லெவலில் 76,500, 78,800 என்று ஏறி 88,700-ல் நிற்பீர்கள். அதில் பாதி 44,350. மாதத்துக்கு 7,200 ரூபாய் வித்தியாசம், ஆயுள் முழுக்க. டி.ஏ.வும் இந்தத் தொகையின் மேல்தான் கணக்கு. டி.ஏ. 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 7,200 என்பது 10,800 ஆகிவிடும். இதில் பதவி உயர்வை நான் சேர்க்கவே இல்லை.

பணிக்கொடையைப் பாருங்கள். முடித்த ஒவ்வொரு அரையாண்டுக்கும், டி.ஏ. சேர்த்த மாதச் சம்பளத்தில் கால் பங்கு. 24 ஆண்டுக்கு 12 மடங்கு, 30 ஆண்டுக்கு 15 மடங்கு. மடங்கும் குறைகிறது, எதை மடங்கு போடுகிறோமோ அந்தச் சம்பளமும் குறைகிறது. இது இரட்டை அடி. (உச்சவரம்பு பதினாறரை மடங்கு, 25 லட்சம் ரூபாய்.)

இனி அந்த ஆறு வருஷம். வேலையில் இருந்தால் அடிப்படைச் சம்பளம் மட்டுமே 57 லட்சத்துக்கு மேல் கைக்கு வரும். ஓய்வில் இருந்தால் அதே காலத்துக்குப் பென்ஷன் 26 லட்சத்து 75 ஆயிரம் போல. டி.ஏ., வீட்டு வாடகைப்படி எதையும் சேர்க்காமலே கிட்டத்தட்ட 31 லட்சம் ரூபாய் இடைவெளி. ஆறு வருஷ ஓய்வுக்கு நீங்கள் கொடுக்கும் விலை இது.

விலை அதிகம் என்பதால் வாங்கவே கூடாது என்று சொல்ல மாட்டேன். முட்டியை ஆறு வருஷம் படியில் தேய்த்துவிட்டு 60-ல் ஆஸ்பத்திரி வாசலில் நிற்பதும் செலவுதான். ஆனால் அதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கீழ்த்தள வகுப்பு கேளுங்கள், மருத்துவ விடுப்பு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். முட்டிக்கு வைத்தியம் இருக்கும்போது பென்ஷனை ஏன் அறுக்க வேண்டும்?

கேள்வி: போவது என்று முடிவு செய்தாகிவிட்டது. எந்த மாதம் போவது நல்லது? (தலைமை ஆசிரியர், ரெட்டியார்பாளையம்)

உங்கள் இன்கிரிமென்ட் ஜனவரி 1-ஆ, ஜூலை 1-ஆ என்று பாருங்கள். அந்த நாளைத் தாண்டி, புதுச் சம்பளத்தை வாங்கிவிட்டு வெளியே வாருங்கள். சில வாரப் பொறுமைக்கு ஆயுள் முழுக்கக் கூலி உண்டு.

கேள்வி: சார், நான் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு பென்ஷன் வாங்கிக்கொள்கிறேன். அது சீக்கிரம் முடியும் என்கிறார்கள். (ஆசிரியர், வில்லியனூர்)

தம்பி, இந்த வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காகிதத்தை எழுதாதீர்கள். எழுதியிருந்தால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்குங்கள்.

விருப்ப ஓய்வும் ராஜினாமாவும் பேச்சில் ஒன்று போலத் தெரியும். விதியில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ராஜினாமா செய்தால் முன்பு பார்த்த சர்வீஸ் அத்தனையும் பறிபோகும். பென்ஷனும் கிடையாது, பணிக்கொடையும் கிடையாது. முறையான அனுமதியோடு வேறொரு அரசு வேலைக்குப் போவதற்காகச் செய்யும் ராஜினாமா மட்டும்தான் விலக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர். மகள் பிரசவத்துக்கு வெளிநாடு போக லீவு கிடைக்கவில்லை என்ற கோபத்தில் ஒரே வரியில் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். அப்போது அவருக்கு 19 வருஷம் சில மாதம் சர்வீஸ். ஒரு கல்வி ஆண்டு பொறுத்திருந்தால் 20 முடிந்திருக்கும். அந்தக் காகிதத்தை வாங்கிய அலுவலகத்தில் யாராவது ஒருவர், ‘அம்மா, உட்காருங்க, இதைப் படிச்சுப் பாருங்க’ என்று சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. இன்றும் அவர் டியூஷன் எடுத்துத்தான் மாத்திரை வாங்குகிறார். இந்தப் பகுதியை நான் எழுதுவதற்கு அவர் ஒரு காரணம்.

கேள்வி: நான் 2008-ல் சேர்ந்தவன். எனக்கு இந்தப் பாதிக் கணக்கு உண்டா? (ஆசிரியர், அரியாங்குப்பம்)

இல்லை. 2004 ஜனவரி 1 முதல் வந்தவர்களுக்குப் புதிய பென்ஷன் திட்டம். மாதாமாதம் உங்கள் பங்கு 10 சதவீதம், அரசின் பங்கு 14 சதவீதம், ஆக 24 சதவீதம் நிதியில் சேருகிறது. சீக்கிரம் போனால் அந்த வரவு நின்றுவிடும். அதுவும் சம்பளம் உச்சத்தில் இருக்கும் கடைசி வருஷங்களில்.

20 ஆண்டு முடித்து விருப்ப ஓய்வில் போனால், 60-ல் ஓய்வு பெறுபவரைப் போலவே 60 சதவீதத்தை மொத்தமாக எடுக்கலாம். மீதி 40 சதவீதத்தில் மாதப் பென்ஷன் வாங்க வேண்டும். ராஜினாமா என்றால் தலைகீழ். 80 சதவீதம் மாதப் பென்ஷனுக்குப் போய்விடும், கையில் 20-தான். உங்களுக்கு 20 ஆண்டு 2028-ல்தான் முடிகிறது. அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரலில் வந்த ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டத்துக்கு மாறியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதில் 25 ஆண்டு முடித்தால்தான் முழுத் தொகை. விருப்ப ஓய்வில் போனால் பென்ஷன் உடனே தொடங்காது. வேலையில் இருந்திருந்தால் எந்தத் தேதியில் ஓய்வு பெற்றிருப்பீர்களோ, அன்றைக்குத்தான் தொடங்கும். 50-ல் போனவர் 60 வரை எதை வைத்து அடுப்பு மூட்டுவார் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

கேள்வி: கம்யூடேஷன் மட்டும் சின்ன வயதில் அதிகம் கிடைக்குமாமே? (ஆசிரியர், முதலியார்பேட்டை)

கம்யூடேஷன் என்றால் பென்ஷனில் ஒரு பகுதியை ஒப்படைத்து, அதற்கு ஈடாக மொத்தத் தொகை வாங்குவது. சின்ன வயதில் பெருக்கும் எண் மட்டும் அதிகம். 54 முடிந்து 55 நடப்பவருக்கு 8.627. அறுபதில் போகிறவருக்கு 8.194. ஆனால் எதைப் பெருக்குகிறோம்? லாஸ்பேட்டை டீச்சரின் கணக்கையே எடுத்து, 40 சதவீதம் ஒப்படைத்தால் இப்போது சுமார் 15 லட்சத்து 38 ஆயிரம். அறுபதில் சுமார் 17 லட்சத்து 44 ஆயிரம். ஒப்படைத்த பகுதி 15 ஆண்டு கழித்துத் திரும்ப வரும்.

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆசிரியர். அவர் சீக்கிரம் ஓய்வு வாங்கினால், அவருக்குப் பிறகு எனக்கு வருவதும் குறையுமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. (குடும்பத் தலைவி, நெல்லித்தோப்பு)

கூச்சப்படாதீர்கள் அம்மா. இந்த வாரம் வந்ததிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையதுதான். வி.ஆர்.எஸ். விண்ணப்பத்தை எழுதும் ஆண்களில் பலர் இதை யோசிப்பதே இல்லை.

குறையும். குடும்ப ஓய்வூதியமும் அவருடைய கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான். ஓய்வுக்குப் பின் அவர் காலமானால் முதல் ஏழு ஆண்டுக்கு, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரைக்கும், இதில் எது முந்தியதோ அதுவரை உயர்ந்த விகிதம். அதன் பிறகு 30 சதவீதம். 74,300-ல் 30 சதவீதம் 22,290. 88,700-ல் 26,610. டி.ஏ. தனி. பொதுவாக மனைவிக்கு வயது குறைவு, ஆயுளும் அதிகம். அவர் எடுக்கும் முடிவின் பலனை அதிக நாள் அனுபவிக்கப் போகிறவர் நீங்கள். விண்ணப்பத்தில் உங்கள் கையெழுத்து கேட்க மாட்டார்கள். அதனால் வீட்டிலேயே, காகிதமும் பேனாவுமாக இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கேள்வி: நான் தனியார் பள்ளி ஆசிரியை. பி.எஃப். பென்ஷன் 50 வயதிலேயே வாங்கலாம் என்கிறார்கள். எனக்கு 55. வாங்கட்டுமா? (உப்பளம்)

சீக்கிரம் எடுத்தால் வெட்டு என்பது நிஜமாகவே எழுதி வைக்கப்பட்ட இடம் இதுதான் டீச்சர். 1995-ஆம் ஆண்டுத் திட்டம். 10 ஆண்டு சர்வீஸ் இருந்தால் 58 வயதில் முழு பென்ஷன். வேலையை விட்டவர் 50 முதல் கேட்கலாம். ஆனால் 58-க்குக் குறையும் ஒவ்வொரு வயதுக்கும் 4 சதவீதம் வெட்டு. 50-ல் எடுத்தால் கால் பங்குக்கு மேல் போய்விடும். 58 வந்ததும் அந்த வெட்டு சரியாகிவிடாது. கடைசி வரை அதே தொகைதான். மாறாக, 58-க்குப் பிறகு 60 வரை தள்ளிப் போட்டால் ஆண்டுக்கு 4 சதவீதம் கூடும்.

58-ல் உங்களுக்கு 3,000 ரூபாய் வரும் என்று வைப்போம். 55-ல் எடுத்தால் 350 ரூபாய் போலக் குறைந்து 2,650 வரும். மூன்று வருஷத்தில் 95,000 ரூபாய் முன்கூட்டியே வந்துவிடும். பிறகு மாதம் 350 இழப்பு. கூட்டிக் கழித்தால், 80 வயது தாண்டிய பிறகுதான் மொத்தத்தில் நஷ்டம் தொடங்கும். ஆகவே வேறு வருமானமே இல்லை, கடன் வாங்கி மருந்து வாங்குகிறீர்கள் என்றால் தயங்காமல் எடுங்கள், உங்கள் பணம்தான். வேறு பள்ளியில் வேலை கிடைக்கும் என்றால் எடுக்காதீர்கள். சர்வீஸ் ஏற ஏறப் பென்ஷனும் ஏறும். உங்கள் காலத்துக்குப் பின் துணைவருக்கு வருவது உங்கள் பென்ஷனில் பாதி என்பதையும் மறக்க வேண்டாம்.

கணக்கு தெளிவுதான், மனசுதான் ஆறவில்லை. இந்தப் பென்ஷனுக்கு டி.ஏ. கிடையாது. 2014-ல் வைத்த குறைந்தபட்சத் தொகை 1,000 ரூபாய். அதை வைத்துக்கொண்டு பெரிய மார்க்கெட்டில் ஒரு மாதம் காய் வாங்க முடியுமா? அரசுப் பள்ளி டீச்சரும் இவரும் சொல்லிக் கொடுத்தது ஒரே ‘அ, ஆ’தான். முதுமையில் இருவருக்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் இருப்பது நியாயமில்லை.

கேள்வி: பிரான்சில் என் அண்ணன் அரசுப் பள்ளி ஆசிரியர். அங்கேயும் இப்படித்தானா? (குருசுக்குப்பம்)

அங்கே வெட்டுக்குப் பெயரே இருக்கிறது: ‘தெகோத்’. சொல்தா (பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்) குடும்பங்கள் நிறைந்த உங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் பிரெஞ்சு பென்ஷன் பற்றிச் சொல்வார்கள். பிறந்த ஆண்டுக்கேற்ப 42, 43 ஆண்டு சந்தா கட்டியிருக்க வேண்டும். குறையும் ஒவ்வொரு மூன்று மாதத்துக்கும் 1.25 சதவீதம் வெட்டு, அதாவது ஆண்டுக்கு 5. அதிகபட்சம் 25 சதவீதம். 67 வயதில் போனால் வெட்டு இல்லை. அண்ணனிடம் வயதைக் கேட்காதீர்கள், எத்தனை காலாண்டு சேர்ந்திருக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: நானும் என் மனைவியும் அரசுப் பள்ளிதான். நான் தமிழ்நாடு, அவர் புதுச்சேரி. ஒரே கணக்கா? (கோட்டக்குப்பம்)

ஒரே வீடு, இரண்டு விதி. உங்கள் பக்கம் பழைய திட்டத்தில் முழு பென்ஷனுக்கு 30 ஆண்டு, குறைந்தால் விகிதப்படி. மனைவியின் கணக்கை உங்களுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

கேள்வி: பாரதிதாசனும் நம்ம ஊர் வாத்தியார்தானே? அவர் எவ்வளவு காலம் வேலை பார்த்தார்? (மாணவர், காலாப்பட்டு)

1909-ல் காரைக்கால் பக்கம் தமிழாசிரியராகச் சேர்ந்தார். 37 ஆண்டு பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் பாடம் நடத்திவிட்டு 1946-ல் ஓய்வு பெற்றார். அப்போது வயது 55.

கேள்வி: ‘ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்க முடியவில்லையா’ என்று மாமியார் கேட்கிறார். அவசரத்தில் நோட்டீஸ் கொடுத்துவிட்டேன். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. திரும்ப வாங்க முடியுமா? (ஆசிரியை, சாரம்)

முடியும். ஓய்வுத் தேதிக்கு முன்பே விண்ணப்பித்து, நியமன அதிகாரியின் சம்மதம் பெற வேண்டும். காரணத்தைத் தெளிவாக எழுதுங்கள், நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அப்படியே உங்கள் சர்வீஸ் புத்தகத்தையும் கேட்டு வாங்கி, தகுதிப் பணிக்காலம் சரிபார்த்துப் பதிவாகியிருக்கிறதா, சம்பளமில்லாத விடுப்பு எத்தனை நாள் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள். வரும் திங்கட்கிழமை முதல் பீரியட் யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு நேரிலேயே போய்க் கொடுங்கள்.