சும்மா கிடைக்கிற ராத்திரி

மாப்ளே, நீ வாட்ஸப்புல அனுப்புன கார்டு படத்தைப் பாத்தேன். ஜம்முனுதான் இருக்கு. "வாங்கலாமா மாமா, வருஷத்துக்கு ஒரு ராத்திரி ஃபைவ் ஸ்டார் ஓட்டல்ல சும்மா தங்கலாமாம்"னு கேட்டிருக்க. எனக்குத் தெரியாதா? வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்ட. நாளைக்கு உன் பொண்டாட்டி கேட்டா "மாமாதான் சொன்னாரு"ன்னு கைகாட்ட ஒரு ஆள் வேணும். சரி, நானே இருந்துட்டுப் போறேன். ஆனா என்கிட்ட வந்தா கணக்குப் பாக்காம விடுவேனா? கூட்டுறவு சங்கத்துல பேரேடு எழுதி ரிட்டயர் ஆன கை இது. பேரனை விட்டு அந்த விதிமுறைத் தாளை அச்செடுத்து வரச் சொல்லி, கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்து வாசிச்சேன். பெரிய எழுத்தை நீயே வாசிச்சிருக்க. பொடி எழுத்துதான் வாசிக்க ஆளில்லாம அநாதையாக் கிடந்துச்சு.

மேரியட் ஓட்டல்காரங்களும் எச்.டி.எஃப்.சி. பேங்க்கும் கூட்டு சேந்து 2023 ஆகஸ்ட்ல இறக்கின கார்டு இது. அப்ப அவங்க சொன்ன கணக்கு: வருஷச் சந்தா 3,000 ரூபா. அது மேல 18 சதம் ஜி.எஸ்.டி. ஆக 3,540. கட்டினா ஒரு ராத்திரி தங்குறதுக்கு ஒரு சீட்டு. 15,000 பாயிண்டுக்குள்ள விலை போட்டிருக்குற ரூமுக்குத்தான் அது செல்லும். மறுவருஷம் சந்தா கட்டினா மறுபடி ஒண்ணு. இதை வச்சு நீ என்ன பண்ணின? ரூம் வாடகை பத்தாயிரம், குடுக்கிறது மூவாயிரத்துச் சொச்சம், ஆக ஆறாயிரத்துச் சொச்சம் லாபம்னு எழுதிட்ட. எங்க சங்கத்துல இப்படி ஒருத்தன் வரவு எழுதியிருந்தா ஆடிட்டர் வந்து மையைப் பிடுங்கிட்டுப் போயிருப்பாரு.

ஏன்னு கேளு. நீ மதுரைக்கு வந்தா எங்க தங்குற? மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில, ரயிலை விட்டு இறங்கி பையைத் தூக்கிக்கிட்டே நடந்து போற லாட்ஜுல. ரூம் 2,500 ரூபாய்னு வையி. ஜன்னலைத் திறந்தா கீழ பரோட்டாக் கல்லுச் சத்தம். வெந்நிக்கு ரூம் பையன்கிட்ட சொல்லணும், அவன் "இதோ சார்"னு சொல்லிட்டு நீ குளிச்சு முடிச்சப்புறம் வருவான். பொழுது விடியுறதுக்குள்ள மீனாட்சி கோயிலுக்கு நடந்தே போயிடலாம். இந்த ராத்திரியில உனக்கு மிச்சம் ஆகப்போறது 2,500தான் மாப்ளே. போர்டுல தொங்குற பத்தாயிரத்தை நீ என்னைக்காவது கைக்காசு போட்டுக் குடுத்திருக்கியா? குடுக்காத காசு எப்படி மிச்சமாகும்? 3,540 குடுத்து 2,500 மிச்சம் பண்றவனை நம்ம ஊர்ல என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு உங்க அம்மாவைக் கேளு. எங்க அக்கா தெளிவாச் சொல்லும்.

இல்ல மாமா, ஒரு தடவை அனுபவிக்கணும்னு ஆசைன்னு சொல்லு, அதை நான் மறுக்கல. ஆசைக்கு விலை உண்டு, குடுக்கலாம். அதை "லாபம்"னு எழுதாத, "ஆசை"ன்னு எழுது. அழகர்கோயில் ரோட்டுல கோர்ட்யார்டு இருக்கு, போ. மெத்தை ஆளை உள்ள இழுக்கும். குளியலறை நம்ம திண்ணையை விடப் பெருசு. காலையில எந்திரிச்சுக் கீழ போனா பஃபே. சீட்டு ரூமுக்கு மட்டும்தான், அதுல இட்லி கிடையாது. தலைக்கு ஆயிரம்னு வச்சாலும் நீ, உன் பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைக. அதுல சின்னது ஒரு துண்டு தர்பூசணியும் அரை கேக்கும் தின்னுட்டுத் தட்டைத் தள்ளிடும். அப்புறம் கோயிலுக்கு ஆட்டோ, கோயில்ல இருந்து ஆட்டோ. இலவச ராத்திரிக்குப் பொழுது விடிஞ்சா செலவு பல்லு விளக்கிட்டு வந்து நிக்கும்.

இன்னொண்ணு பாத்தியா? அந்தச் சீட்டுக்கு ஆயுசு ஒரு வருஷம். பிள்ளைகளுக்குப் பரீட்சை, உனக்கு ஆபீசுல லீவு கிடையாது, உன் பொண்டாட்டி வீட்டுல ஒரு வளைகாப்பு. இப்படியே பத்து மாசம் ஓடிடும். கடைசியில "சீட்டு வீணாப் போகுதே"ன்னு ஒரு பயணம் கிளப்புவ. வேண்டாத ஊருக்கு, வேண்டாத தேதியில, டீசல் போட்டுக்கிட்டு. ஓட்டல் இருக்குற ஊருக்குத்தான் போகணும்னு ஆயிடும். நீ வழக்கமா வேண்டிக்கிட்டுப் போறது பழனிக்கும் திருச்செந்தூருக்கும். முருகன் உனக்காக பாயிண்ட் செல்லுற ஊருக்குக் குடி மாத்துவாரா?

சரி, பாயிண்டுக்கு வருவோம். அதுலதான் நீ மயங்கிக் கிடக்குற. அவங்க ஓட்டல்லயே செலவு பண்ணினா 150 ரூபாய்க்கு 8 பாயிண்ட். பயணம், சாப்பாடு, பொழுதுபோக்குன்னா 4. மத்ததுக்கெல்லாம் 2. நம்ம குடும்பம் மளிகைக்கும் துணிமணிக்கும்தான செலவழிக்கும், ரெண்டுன்னே போடு. 15,000 பாயிண்ட் சேரணும்னா எவ்வளவு செலவழிக்கணும்? பதினொரு லட்சத்து இருபத்தஞ்சாயிரம். ஒரு ராத்திரி காலை நீட்டிப் படுக்குறதுக்கு 11,25,000 ரூபாய்க்குப் பருப்பும் பாவாடையும் வாங்கணும். அதுக்குள்ள நீ மளிகைக் கடையே வச்சிடலாம்.

அதுவும் எல்லாச் செலவும் இதுல ஏறாது. பெட்ரோல் போட்டா பாயிண்ட் இல்ல, வீட்டு வாடகை கட்டினா இல்ல. அதை விடு. நீ காலையில டீக்கடையில இருந்து ராத்திரி பூக்காரம்மா வரைக்கும் போனை நீட்டி ஸ்கேன் பண்ற ஆளு. யு.பி.ஐ.ல கிரெடிட் கார்டை இணைக்கணும்னா அது ரூபே கார்டா இருக்கணும். 2022ல ரிசர்வ் பேங்க் அதுக்குத்தான் வழி திறந்து விட்டுச்சு. இந்தக் கார்டு டைனர்ஸ் கிளப். 1950ல நியூயார்க்குல ஆரம்பிச்ச பழம்பெரும் வம்சம்தான், இல்லேங்கல. நம்ம பூக்காரம்மாவுக்கு அந்த வம்சம் தெரியாது. சின்னக் கடைகள்ல மிஷின்ல தேய்ச்சா, கடைக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "வேற இருக்கா சார்"னு கேப்பாரு. நீயும் வேற எடுப்ப. பாயிண்ட் அந்த வேறக்குப் போயிடும்.

பாயிண்ட்னா என்ன தெரியுமா? நீ எழுதின மொய். ஊரெல்லாம் சுத்தி, ஒவ்வொரு விசேஷத்துக்கும் எழுதி வச்சிருக்க. ஒரே ஒரு வித்தியாசம், இங்க மொய் நோட்டு அவன் வீட்டுல இருக்கு, திருப்பிச் செய்யுற நாள்ல எவ்வளவு செய்யணும்னும் அவனே எழுதிக்குவான். 1983லயே அமெரிக்காவுல ஹாலிடே இன், மேரியட் ரெண்டும் இந்தப் பாயிண்ட் வித்தையைத் தொடங்கிட்டாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் முந்தி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பறக்குற மைலை எண்ணிக் குடுத்ததைப் பாத்துப் பிடிச்ச பிடி. ரொம்ப காலம் மேரியட்ல ஒரு பட்டியல் இருந்துச்சு: இந்த வகை ஓட்டலுக்கு இத்தனை பாயிண்ட். 2022 மார்ச்ல அந்தப் பட்டியலைச் சுருட்டிப் பரண்ல போட்டுட்டாங்க. இப்ப பாயிண்ட் விலை தேதிக்குத் தேதி மாறும். உன் போன்லயே ஒரு பரிசோதனை பண்ணேன். ஆடி மாசத்துச் செவ்வாக்கிழமை ஒண்ணைப் போட்டுப் பாரு, அப்புறம் ஒரு பெரிய முகூர்த்த நாளைப் போட்டுப் பாரு. ஓட்டல்காரனுக்கு நம்ம பஞ்சாங்கம் எவ்வளவு அத்துப்படின்னு தெரியும். 15,000க்கு மேல போச்சுன்னா, சீட்டோட உன் பாயிண்டையும் சேத்துக் கட்டலாமாம், அதுவும் ஒரு அளவு வரைக்கும்தான். சேத்து வச்சதுல 24 மாசம் எந்த வரவு செலவும் இல்லாம விட்டா மொத்தமும் காலி. மொய்யாவது தலைமுறைக்கு நிக்கும்.

இந்தப் பாயிண்டுக்கு யார் பணம் கட்டுறாங்கன்னு யோசிச்சியா? பேங்க் அதை ஓட்டல்காரங்ககிட்ட காசு குடுத்து வாங்குது. ஓட்டல்காரன் கணக்குல நீ ரூம்ல படுக்குறதுக்கு முன்னாடியே வரவு ஏறிடுச்சு. பேங்க் அந்தக் காசை எங்க இருந்து எடுக்கும்? உன் சந்தாவுல கொஞ்சம், நீ தேய்க்கிற கடைக்காரர் குடுக்குற கமிஷன்ல கொஞ்சம். மீதி, மாசக் கடைசியில முழுசாக் கட்டாம "குறைந்தபட்சத் தொகை"யை மட்டும் கட்டிட்டு நிம்மதியாத் தூங்குறவங்ககிட்ட இருந்து. நீ அந்த வகைதான்னு நான் சொல்லல. போன தீபாவளிக்கு வாங்கின டி.வி.யை இன்னும் தவணையில பாத்துக்கிட்டிருக்கன்னு மட்டும் சொல்றேன். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாசம் மூணரை வட்டின்னே வையி, அதைத் தாண்டியும் வாங்குறாங்க. லட்ச ரூபா பாக்கியை ஒரு மாசம் தள்ளினா 3,500. வட்டி மேல ஜி.எஸ்.டி. 630. மொத்தம் 4,130. ஒரே மாசத்துல வருஷச் சந்தாவைத் தாண்டிருச்சு பாத்தியா? அந்தக் காலத்துல நம்ம ஊர்ல கந்துவட்டிக்காரர் மூணு வட்டி வாங்கினப்ப உங்க தாத்தா மண்ணை வாரித் தூத்தினாரு. அந்த வட்டிக்காரர் பாயிண்ட் குடுக்கல, அதுதான் அவரு பண்ணின தப்பு.

சில்வர் எலைட்டுன்னு ஒரு பட்டம் வேற தர்றாங்களாம். காலை டிபன் அதுல வராது. அதுக்கு பிளாட்டினம் ஆகணும், வருஷத்துக்கு 50 ராத்திரி. ரூமைக் காலி பண்ண நேரமானா, இடம் இருந்தா, பொறுத்துக்குவாங்களாம். நம்ம லாட்ஜு மேனேஜர் எந்தப் பட்டமும் இல்லாமலே பொறுத்துக்கிட்டவர்தான். ஏர்போர்ட்டு லவுஞ்சு உள்நாட்டுல 12 தடவை, வெளிநாட்டுல 12 தடவை. நீ பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ஏறுற ஆளு. எழும்பூர்ல போய் கார்டை நீட்டினா டி.டி.ஆர். சிரிப்பாரு.

இவ்வளவு சொல்லிட்டு, இந்தக் கார்டே மோசம்னு நான் சொல்லப்போறேன்னு நினைக்கிற. இல்ல. உன் ஆபீசுல அந்த விற்பனைப் பிரிவுக்காரர் இருக்காருல்ல, மாசத்துல பாதி நாள் கோயம்புத்தூர், புனே, பெங்களூருன்னு பெட்டியோட திரியுறவரு? கம்பெனி காசுல மேரியட்ல தங்குறவரு? அவருக்கு இது வாங்கி வச்ச வரம். ரூம் பில்லுக்கு 150க்கு 8 பாயிண்ட். ஓட்டல்காரங்க தங்கினதுக்குன்னு தனியாக் குடுக்குற பாயிண்ட் வேற. கார்டு வாங்கினதுமே வருஷத்துல 10 ராத்திரி தங்கின கணக்குல ஏறிடும், அதனால பிளாட்டினத்துக்கு அவரு 40 தங்கினாப் போதும். மாசக் கடைசியில கம்பெனி பணம் தந்துடும், பாக்கி நிக்காது. வருஷத்துல 6 லட்சம் தேய்ச்சா இன்னொரு சீட்டு, 9 லட்சத்துல ஒண்ணு, 15 லட்சத்துல ஒண்ணு. ஊரான் காசுல நாலு ராத்திரி. அந்த மனுஷன் வாங்காம இருந்தா அவரைத்தான் நான் கேலி பண்ணணும்.

உனக்கு? போன ரெண்டு வருஷத்து ஓட்டல் பில்லை எடு. எடுக்கத் தெரியலேன்னா உன் பொண்டாட்டிகிட்ட கேளு, அது எல்லாத்தையும் டப்பாவுல போட்டு வச்சிருக்கும். அதுல எத்தனை பில்லு இந்தக் கம்பெனி ஓட்டல்? நீயே காசு குடுத்து, நீயே விரும்பிப் போன ஓட்டல்? ஒண்ணாவது வருஷத்துக்கு ஒண்ணுன்னு இருந்து, அந்த ரூம் வாடகையும் நாலாயிரத்துக்கு மேல இருந்தா, சீட்டுக்காக மட்டுமே வாங்கு, பாயிண்டை மறந்துடு, ஒரு வருஷம் பாத்துட்டு சந்தா வர்ற மாசம் போன் பண்ணி நிறுத்து. பில்லே இல்லேன்னா, செலவுல ஒரு சதவீதம் காசாத் திருப்பித் தர்ற சாதாக் கார்டு போதும். ஆறு லட்சம் செலவழிச்சா ஆறாயிரம் கையில வரும். அதை எடுத்துக்கிட்டு எந்த ஊர்ல வேணும்னாலும், எந்தத் தேதியில வேணும்னாலும், எந்தச் சாமி பக்கத்துல வேணும்னாலும் தங்கு.

நான் இவ்வளவு கத்தியும் நீ வாங்கத்தான் போறன்னு எனக்குத் தெரியும். போகட்டும். சீட்டு தீர்ற தேதியை மட்டும் எனக்கு எழுதி அனுப்பிடு. எப்படியும் நீ போகமாட்ட. தேதிக்கு ஒரு வாரம் இருக்கையில நானும் உங்க அத்தையும் மதுரைக்கு வர்றோம், மெத்தை உள்ள இழுக்குதா இல்லையான்னு நேர்லயே பாத்துடுறோம். சீட்டு உன் பேருலதான இருக்கும், அதனால நீ வந்து கையெழுத்துப் போட்டு சாவியை மட்டும் வாங்கிக் குடு. உனக்குத்தான் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில பழகின லாட்ஜு இருக்கே.